கீழ்த் தாடைக் கழற்றும் பல் செட்டுக்கு இம்பிளாண்ட்: முன்னால் போடுவதா, கடைசியில் போடுவதா?

பட்டறைக்காரர் (நாமக்கல்) கேட்டது:

வணக்கம். வயது 58. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கீழ்த் தாடையில் எனக்கு மிச்சம் எட்டே பற்கள். இரண்டு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப்பல்லோடு வரிசை முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வெறும் ஈறு. மேலே ஒன்றைத் தவிர எல்லாம் சொந்தப் பல்.

முதலில் போட்டது முழுக்க அக்ரிலிக் செட். ஒன்றரை வருடத்தில் நடுவில் உடைந்தது. இப்போது போட்டிருப்பது உலோகத்தில் வார்த்த செட், இரண்டு பக்கமும் கடைசிப் பல்லில் கொக்கி. சோறு, இட்லி எல்லாம் தாராளமாக இறங்குகிறது. வறுத்த கடலை, தட்டை, கொஞ்சம் முற்றிய ஆட்டுக்கறி என்றால்தான் தகராறு. வலப்பக்கம் மென்றால் இடப்பக்கம் எழும்புகிறது. பின்பக்க ஈறு புண்ணாகிறது. இதெல்லாம் போகட்டும், இடப்பக்கம் கொக்கி மாட்டிய பல் மூன்று மாதமாக ஆட ஆரம்பித்திருக்கிறது. அதுவும் போய்விட்டால் அடுத்த கொக்கியைக் கோரைப்பல்லில் மாட்டுவார்கள், பிறகு அதுவும் ஆடும். எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துக்கு ஒரு இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர், போட்டு அதன் மேல் செட்டை உட்கார வைக்கலாம் என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். அதுவரை ஒத்துப்போகிறார்கள். ஒருவர், ஆடும் பல்லுக்கு அடுத்தாற்போல, அதாவது முன்நடுவிலிருந்து எண்ணினால் ஐந்தாம் பல் இடத்தில் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஏழாம் பல் இடத்தில், கடைசியில் என்கிறார். ஸ்கேனில் நரம்புக் குழாய்க்கு மேல் எலும்பு இடப்பக்கம் ஆறாம் பல் இடத்தில் 12 மில்லிமீட்டர், ஏழாம் பல் இடத்தில் 9 மில்லிமீட்டர் இருக்கிறதாம். வலப்பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு லாரிக் கணக்கு. பின் அச்சுக்குப் பின்னால் பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் முன்சக்கரம் தரையைப் பிடிக்காது, ஸ்டியரிங் லேசாகிவிடும். இம்பிளாண்டை அச்சு என்று வைத்துக்கொண்டால், முன்னால் போடச் சொல்பவர் எனக்கு நீட்டல் வைத்த வண்டியை அல்லவா கட்டித் தருகிறார்? நான் தப்பாக யோசிக்கிறேனா?

---

நேர்வழி எழுதியது:

எதற்கு இந்தத் தொல்லை? கீழே மொத்தமாக எடுத்துவிட்டு நாலு இம்பிளாண்டில் நிலையான பல் வைத்துவிடுங்கள். கழற்றவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம்.

பட்டறைக்காரர்:

தம்பி, ஆடுவது ஒன்று. அதற்காக ஆடாத ஏழையும் பிடுங்கச் சொல்கிறீர்கள். ஒரு ஸ்பிரிங் பட்டை முறிந்ததற்கு யாரும் வண்டியை உடைசலுக்குப் போடுவதில்லை. செலவு வேறு எங்கேயோ போகும்.

---

மதுரை பல் மருத்துவர் எழுதியது:

ஐயா, நீங்கள் தப்பாக யோசிக்கவில்லை. கழற்றும் செட், முழுச் செட் போன்றவற்றைத்தான் நான் மேற்படிப்பாகப் படித்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன். உங்கள் லாரிக் கணக்கை நான் மாணவர்களுக்கு இனி கடன் வாங்கிக்கொள்வேன். ஆனால் அதில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது: ஸ்பிரிங்.

உங்கள் செட் இரண்டு விதமான தரையில் நிற்கிறது. முன்னால் பல், பின்னால் ஈறு. நல்ல பல்லை அழுத்தினால், வேரைச் சுற்றியுள்ள நார்ச்சவ்வின் தயவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அமுங்கும். ஈறு மில்லிமீட்டரில் பாதி வரைகூட அமுங்கும். இம்பிளாண்டோ எலும்போடு நேராக ஒட்டியது. அதன் அசைவு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான், ஒரு தலைமுடித் தடிமனில் பத்தில் ஒன்றுகூட வராது. உங்கள் பாஷையில், பல்லுக்குக் கெட்டியான பட்டை, ஈறுக்குத் தளர்ந்த பட்டை. இம்பிளாண்டுக்குப் பட்டையே கிடையாது, சேஸிஸோடு போல்ட் போட்ட மாதிரி.

இப்போது உங்களுக்கு நடப்பது இது. பின்னால் கடித்தால் செட்டின் வால் ஈறுக்குள் அமுங்குகிறது. கொக்கிப் பல்தான் அச்சு என்பதால் செட் அதைச் சுற்றிச் சுழல்கிறது, ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பல்லைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதைப் போலத்தான். உங்கள் சீட்டில் 'கென்னடி 1' என்று எழுதியிருப்பார்கள். எட்வர்ட் கென்னடி 1925-இல் பிரித்த வகைப்பாட்டில், இரண்டு பக்கமும் பின்னால் பல்லில்லாத தாடை முதல் வகை. இரு முனையிலும் பல் உள்ள இடைவெளி மூன்றாம் வகை. அதற்குச் செட் செய்வதில் இந்தச் சுழற்சித் தலைவலி இல்லை. கடைசியில் இம்பிளாண்ட் வைப்பவரின் நோக்கம், உங்களை முதல் வகையிலிருந்து ஏறக்குறைய மூன்றாம் வகைக்கு மாற்றுவது.

கணக்கு போடலாம். உங்கள் கடைசிப் பல்லின் பின்விளிம்பிலிருந்து ஐந்தாம் பல் இடத்தின் நடு சுமார் 4 மில்லிமீட்டர், ஆறாம் பல் நடு 12, ஏழாம் பல் நடு 23. ஆறாம் பல்லின் மேல் 10 கிலோ கடி விழுகிறது என்று வையுங்கள்.

இம்பிளாண்ட் ஏழில் இருந்தால் அது சுமார் 5 கிலோ வாங்கும், கொக்கிப் பல் மிச்சம் 5 கிலோவை வாங்கும், அதுவும் நேர்கீழாக. பல்லுக்கு நேர்கீழ் பாரம் தாங்கத் தெரியும்.

இம்பிளாண்ட் ஆறில் இருந்தால் 10 கிலோவும் நேராக அதன் தலையில் இறங்கும். சுழற்சி இல்லை.

இம்பிளாண்ட் ஐந்தில் இருந்தால், பாரம் அச்சுக்கு 8 மில்லிமீட்டர் பின்னால் தொங்குகிறது. வெறும் நெம்புகோல் கணக்கில் இம்பிளாண்டின் மேல் 30 கிலோ, முன்பக்கம் 20 கிலோ தூக்கல். வாயில் அப்படியே 30 வராது, ஏனென்றால் பின்னால் ஈறு பங்கு வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பங்கை வாங்கும் ஈறுதான் இப்போது புண்ணாகிறது. நீங்கள் சொன்ன முன்சக்கரத் தூக்கல், கொக்கி மேல்நோக்கி இழுபடுவதாக வரும்.

அப்படியானால் ஐந்தில் போடச் சொன்னவர் தவறா? இல்லை. ஆடும் பல்லுக்குப் பக்கத்திலேயே தாங்கல் இருந்தால் அந்தப் பல் உடனடியாக ஓரளவு ஓய்வு பெறும். நாளைக்கு அது போனாலும் அந்த இம்பிளாண்டையே செட்டின் முன்தூணாக வைத்துக்கொள்ளலாம், அல்லது பக்கத்தில் இன்னொன்று சேர்த்து நிலையான பல் கட்டலாம். முன்னால் எலும்பும் பெரும்பாலும் உயரமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கீழ்த் தாடை நரம்பு எலும்பிலிருந்து உதட்டை நோக்கி வெளியே வரும் துளை முன்கடைவாய்ப்பற்களின் வேருக்கு அருகில்தான் இருக்கிறது. ஐந்தில் போடுவதானால் ஸ்கேனில் அந்தத் துளையை அளந்த பிறகுதான்.

என் கையில் இருந்தால் உங்களுக்கு ஆறில் போடுவேன். 12 மில்லிமீட்டரில் நரம்புக்கு 2 மில்லிமீட்டர் விட்டாலும் 10 மீதி, அதில் 8 மில்லிமீட்டர் இம்பிளாண்ட் நிம்மதியாக உட்காரும். ஏழில் 9-இல் 2 போனால் 7. 6 மில்லிமீட்டர் குட்டை இம்பிளாண்ட் போடலாம், போடுகிறார்கள். ஆனால் உங்கள் மேல்பற்கள் ஏறக்குறைய எல்லாம் சொந்தப் பல் என்பதை மறக்க வேண்டாம். அது சாதாரண எதிரி அல்ல. நல்ல பற்கள் உள்ள ஆளின் கடைவாயில் உச்சக் கடி 50, 60 கிலோ வரை போகும். முழுச் செட் போட்டவருக்கு அதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம்.

ஆறில் போட்டால் ஒரு நிபந்தனை. செட்டில் ஏழாம் பல்லை வைக்கவே கூடாது, வைத்தாலும் மேல்பல்லோடு இடிக்கக் கூடாது. வைத்து இடிக்கவிட்டால் அங்கே விழும் 10 கிலோ, ஆறாம் இடத்து இம்பிளாண்டில் 19 கிலோவாகும். அது நீங்கள் பயந்த அதே நீட்டல் வண்டி.

---

கோவை லேப் எழுதியது:

அண்ணா, வணக்கம். டாக்டர் அம்மா சொன்னது கணக்கு. நான் பழுதுக்கு வந்த செட்டுகளைச் சொல்கிறேன். 22 வருடமாகப் பல் லேப்பில் வேலை. இம்பிளாண்ட் மேல் உட்காரும் கழற்றும் செட் பழுதுக்கு வந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே விரிசல் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுவேன். இம்பிளாண்ட் தலைக்கு நேர் மேலே. வேறெங்கும் இருக்காது.

காரணம் எளிது. செட் மற்ற இடங்களில் ஈறின் மேல் அமுங்குகிறது, அந்த ஒரு புள்ளியில் அமுங்க மறுக்கிறது. சுத்தியலுக்கும் பட்டடைக்கும் நடுவில் அக்ரிலிக். போதாக்குறைக்கு, இம்பிளாண்ட் தலைக்கு இடம் விட அங்கேதான் அக்ரிலிக்கைக் குடைந்து மெல்லிசாக்கியிருப்பார்கள். பழைய வார்ப்புச் செட்டையே இம்பிளாண்டுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று சிலர் அனுப்புவார்கள். பழைய உலோக வலை அந்த இடத்துக்கு மேல் சரியாக வந்திருக்காது. நான் முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் அதே செட் இரண்டு துண்டாக வரும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: இம்பிளாண்ட் எங்கே வரப்போகிறது என்று முடிவான பிறகு வார்ப்பு புதிதாகச் செய்யப்படுமா, அதன் உலோகம் இம்பிளாண்ட் தலைக்கு மேல் தொப்பி மாதிரி வருமா? வரும் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது உயரம். ஈறிலிருந்து மேல்பல் வரை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? லொக்கேட்டர் என்கிற அழுத்துப் பொத்தான் மாதிரியானது வைப்பதானால் எனக்கு 8 மில்லிமீட்டராவது வேண்டும். பல் எடுத்து நாளாகி, மேல்பல் கீழே இறங்கி வந்திருந்தால் அந்த இடம் இருக்காது. வெறும் ஹீலிங் கேப், அதாவது வட்டத் தலை மூடி, வைத்து அதன் மேல் செட் சும்மா உட்காரட்டும் என்றால் குறைந்த இடம் போதும்.

லொக்கேட்டர் வைத்தால் உள்ளே நைலான் வளையம் இருக்கும். அது தேயும் பொருள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டயர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை பல் மருத்துவர்:

கோவை அண்ணன் சொன்ன தொப்பிக்கு நான் இரண்டு கையாலும் வாக்களிக்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். செட்டையும் இம்பிளாண்ட் தலையையும் வாயிலேயே அக்ரிலிக் ஊற்றி இணைக்கும்போது நோயாளியை "நன்றாகக் கடியுங்கள்" என்று சொல்லவே கூடாது. கடித்தால் ஈறு அமுங்கிய நிலையில் அக்ரிலிக் இறுகிவிடும். வாயைத் திறந்ததும் ஈறு மீண்டு எழும்பி, செட்டை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். முன்பற்களின் மேல் உட்காரும் உலோகத் தாங்கிகளை விரலால் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தொடாமல் இறுகவிட வேண்டும். சலிப்பான ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் கடி யார் தலையில் விழும் என்பது முடிவாகிறது.

---

திருச்சி வாசகி எழுதியது:

என் அம்மாவின் அனுபவம் கொஞ்சம் வேறு. அவருக்கு மேலே முழுச் செட், கீழே ஆறு முன்பற்கள். பின்பக்கக் கழற்றும் செட் குத்துகிறது என்று அதைப் பல வருடம் டப்பாவிலேயே வைத்துவிட்டார். முன்பற்களாலேயே மென்று மென்று மேல்தாடையின் முன்பக்க எலும்பு கரைந்துபோய், அந்த இடம் ரப்பர் மாதிரி ஆடும் சதையாகிவிட்டது. மேல் செட் சிரித்தாலே விழும். இரண்டு வருடம் முன்பு கீழே பக்கத்துக்கு ஒரு இம்பிளாண்ட் ஆறாம் பல் இடத்தில் வைத்து, அதன் மேல் செட் போட்டார்கள். இப்போது பின்னாலும் மெல்லுகிறார். ஆச்சரியம் என்னவென்றால், இம்பிளாண்ட் வைத்தது கீழே, நின்றது மேல் செட்.

மதுரை பல் மருத்துவர்:

அம்மாவுக்கு இருந்ததை எல்ஸ்வொர்த் கெல்லி 1972-இல் விவரித்தார். கீழே முன்பற்கள் மட்டும், மேலே முழுச் செட் என்றால் கடி முழுக்க முன்னால் குவிந்து மேலெலும்பின் முன்பகுதியைத் தின்றுவிடும். பின்னால் அசையாத தாங்கல் வந்ததும் கடியின் மையம் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. மேல் செட் நின்றதற்கு அதுதான் காரணம். ஆனாலும் அவரை வருடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஈறுக்கடியில் எலும்பு கரைவது நிற்பதில்லை. கரைந்த இடத்தில் செட்டுக்கு உள்பூச்சு சேர்க்காமல் விட்டால், செட் இம்பிளாண்ட் தலையின் மேல் சீசா பலகை மாதிரி ஆடத் தொடங்கும்.

பட்டறைக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மருத்துவரிடமும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஐந்தில் போடச் சொன்னவர் சிரித்தார், "ஆறில் எனக்கும் ஆட்சேபணை இல்லை" என்றார். ஏழில் சொன்னவர் கொஞ்சம் நேரம் ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏழாம் பல் வேண்டாம் என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் ஆறு" என்றார். சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு கேள்வி பாக்கி: இம்பிளாண்ட் வந்தபிறகு நான் பலமாகக் கடிக்கலாமா?

மதுரை பல் மருத்துவர்:

கடிப்பீர்கள். வேண்டாம் என்றாலும் கடிப்பீர்கள். வலித்ததால் இதுவரை கையை அடக்கி வண்டி ஓட்டியவர் நீங்கள். வலி போனதும் உங்களை அறியாமல் பலம் கூடும். கவலை அங்கேதான். சொந்தப் பல்லின் நார்ச்சவ்வில் உணர்நரம்புகள் இருப்பதால், சோற்றில் ஒரு நுண்ணிய மணல் அகப்பட்டாலும் தாடை நின்றுவிடும். இம்பிளாண்டுக்கு அந்த நுட்பம் இல்லை. ஆகவே முதல் சில மாதம் வெறும் மூடி மேல் உட்காரட்டும், உடைக்கிற தின்பண்டங்களை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

---

பட்டறைக்காரர் (ஏழு மாதம் கழித்து):

வீட்டில் கேட்டேன். கடிப்பதில்லையாம், குறட்டைதானாம்.

இரண்டு பக்கமும் ஆறாம் இடத்தில் 8 மில்லிமீட்டர் போட்டார்கள். மூன்று மாதம் காத்திருந்து, புது வார்ப்பு. உலோகத் தொப்பி வேண்டும் என்று நானே கேட்டேன். லேப்பில் யார் சொல்லித் தந்தது என்று விசாரித்தார்களாம். பல் செட்டில் ஏழாம் பல் கிடையாது. வட்டத் தலை மூடி மேல்தான் உட்காருகிறது. ஐந்து நிமிட விஷயத்தையும் கேட்டேன். மருத்துவர் முன்பக்கத் தாங்கிகளை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடி பார்க்க நீலத் தாள் வைத்தார்கள். ஆறாம் பல்லில் அடர் நீலப் புள்ளி, கொக்கிப் பல்லில் வெளிறிய கோடு. பார்த்ததும் பாரம் பின் அச்சுக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

ஈறுப் புண் இல்லை. இடப்பக்கப் பல் ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் கூடவும் இல்லை. தட்டை சாப்பிடுகிறேன். ஒரு சந்தேகம்: இரண்டு நாளாகக் காலையில் செட்டை மாட்டும்போது இடப்பக்கம் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம். வலி இல்லை. உலோகம் உட்காரும் சத்தம்தானே?

மதுரை பல் மருத்துவர்:

நீலப் புள்ளியின் அடர்த்தியை வைத்து பாரத்தை அளக்காதீர்கள் ஐயா. எங்கே தொடுகிறது என்று மட்டும்தான் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. 8 மைக்ரான் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதைக் கடித்துக்கொண்டு இழுத்தால் பிடிக்கிறதா, நழுவுகிறதா என்று அடுத்த முறை பார்க்கச் சொல்லுங்கள்.

டிக் சத்தத்துக்கு இன்றே போங்கள். புதிதாக, ஒரு பக்கம் மட்டும் என்றால் மூடியின் திருகு தளர்ந்திருக்கலாம். போய் வரும்வரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.

பட்டறைக்காரர்:

போய் வந்தேன். தளர்ந்துதான் இருந்தது. மருத்துவர் சின்னத் திருகாணியை விரலாலேயே கால் சுற்றுத் திருப்பினார், சத்தம் போய்விட்டது. மூடி இப்படித் தளர்ந்துகொண்டே இருந்தால் அதை எடுத்துவிட்டு லொக்கேட்டருக்கு மாற்றலாம் என்றார். கோவை தம்பி, எனக்கு மேல்பல் வரை 9 மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் தொப்பியைக் குடையாமல் லொக்கேட்டர் அதற்குள் அடங்குமா?

கோவை லேப்:

9 என்றால் அடங்கும் அண்ணா. ஆனால் தொப்பியின் உட்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நைலான் வளையத்தின் உலோகக் கிண்ணம் நுழைய உள்ளே இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.